கயிற்று நெருப்பும் கன்னத்து மருந்தும்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் தொங்கிய ஒரு கயிறுதான் எனக்கு அந்த யோசனையைக் கொடுத்தது. பீடி பற்றவைக்க வருகிறவர்களுக்காகக் கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை நுனியில் கனன்றுகொண்டே இருக்கும் தேங்காய் நார்க் கயிறு. அது கட்டியிருந்த கம்பத்துக்கு அந்தப் பக்கம் பெட்டிக்கடை, இந்தப் பக்கம் பிராந்திக் கடை. கம்பத்தை நட்டவர் யாரோ, வியாபாரம் தெரிந்தவர்.

என் கையில் டெய்லர் மாஸ்டரின் துணிப்பை இருந்தது. எங்கள் குடி நிறுத்தும் இல்லத்தில் இரண்டாம் முறை தங்கி, குணமாகி, எல்லோரிடமும் கைதட்டல் வாங்கிக்கொண்டு அன்றுதான் வெளியே வந்திருந்தார். அவலூர்பேட்டை பஸ்ஸில் அவரை ஏற்றிவிடுவது என் பொறுப்பு. அவர் மனைவி கோபித்துக்கொண்டு அங்கிருக்கும் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். சும்மா போகவில்லை. தையல் மிஷினின் தலையைக் கழற்றிக் கோணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தார். கடைத்தெருவில் மாஸ்டரின் கடையில் இப்போது மிதிபலகையும் சக்கரமும் மட்டும் நின்றன. மனைவியும் மிஷினும் ஒரே பஸ்ஸில் திரும்பி வர வேண்டும் என்பதுதான் அன்றைய திட்டம்.

“தம்பி, ஒரு நெருப்பு மட்டும் வாங்கிட்டு வந்துர்றேன்” என்றார்.

பீடிக்குத்தானே என்று நானும் தலையாட்டினேன். கயிற்றைப் பிடித்துப் பீடியைப் பற்றவைத்தார். முதல் இழுப்பில் கண்ணை மூடினார். இரண்டாவது இழுப்பில் உடம்பு கம்பத்தை அரைவட்டம் சுற்றியது. மூன்றாவது இழுப்பின் புகை பிராந்திக் கடைக்குள்ளிருந்து வந்தது.

பஸ் போய்விட்டது. மாஸ்டர் திரும்பி வந்தபோது முகம் செம்பருத்தி மாதிரி சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நான் வைத்திருந்த அவருடைய பைக்குள்ளேயே வாந்தி எடுத்தார். அன்று காலை இல்லத்தில் விழுங்கிய மாத்திரையின் வேலை அது. அந்த மாத்திரை வயிற்றில் இருக்கும்போது சாராயம் பட்டால் இப்படித்தான் ஆகும். ஆகும் என்ற பயத்தில் குடிக்க மாட்டார்கள் என்பது வைத்தியத்தின் நம்பிக்கை. மாஸ்டருக்குப் பயமும் இருந்தது, குடியும் இருந்தது.

“குடிக்கணும்னு நெனைக்கவே இல்ல தம்பி” என்றார், மதகுக் கட்டையில் உட்கார்ந்து. “பீடியப் பத்தவச்சேன். வாயி சூடாயிடுச்சு. அப்பறம் காலு அதுபாட்டுக்குப் போயிடுச்சு. இருவது வருசமா அதும் இதும் ஜோடியாவே போனதுங்க, இன்னா பண்ணச் சொல்ற?”

அந்த நிமிடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. ஜோடி மாட்டில் ஒன்றை அவிழ்த்துவிட்டு, வண்டி ஏன் இன்னும் நகர்கிறது என்று நாங்கள் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தோம்! சாராயத்துக்கு மாத்திரை இருக்கிறது. பீடிக்கு எங்கே மருந்து? நாற்றமடிக்கும் பையைக் கையில் வைத்துக்கொண்டு, உலகத்துக்கே வழி கண்டுபிடித்தவன் போல நான் சிரித்தேன். மாஸ்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

எங்கள் இல்லத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலை ரோட்டில், ஒரு காலத்தில் நிலக்கடலை மூட்டை அடுக்கிய பழைய மல்லாட்டை குடோன். மழை பெய்தால் இன்னும் மல்லாட்டை வாசனை வரும். நடத்துகிறவர் பட்டாளத்தில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மேஜர். குடியினால் குடும்பங்கள் அழிவதைக் கண்டு மனம் பொறுக்காதவர். ஒரு சிகரெட்டின் நுனியில் அடுத்த சிகரெட்டைப் பற்றவைத்தபடிதான் அந்தப் பொறுக்காமையைச் சொல்வார். அவருக்கு அடுத்து கம்பவுண்டர். அதற்கு அடுத்து நான். கெமிஸ்ட்ரி பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, கூப்பிடும்வரை சும்மா இருக்க முடியாமல் இங்கே வந்து சேர்ந்தவன். கரும்பலகையில் கல்லீரல் படம் வரைந்து பாடம் எடுப்பது என் வேலை. இதற்கு முன் முயல் வளர்த்தேன். அதற்கு முன் காளான்.

இல்லத்தின் முதுகெலும்பு கம்பவுண்டரின் காலை முறை. குடிகாரர்கள் மாத்திரையை விழுங்குவதுபோல் காட்டிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிடுவார்கள். இதைப் பிடிக்கக் கம்பவுண்டர் ஒரு சோதனை கண்டுபிடித்திருந்தார். “வாயத் தொற. நாக்கத் தூக்கு. இந்தா பீடி, இழு. ஊது.” புகை நேராக வந்தால் மாத்திரை உள்ளே போய்விட்டது. கோணலாக வந்தால் கன்னத்தில் இருக்கிறது. இதற்கு எந்தப் புத்தகத்திலும் ஆதாரம் இல்லை. ஆனால் கம்பவுண்டர் புகையைப் பார்க்கும் பார்வையில் எப்பேர்ப்பட்டவனும் தானாகவே துப்பிக் காட்டிவிடுவான். ஆகவே மாத்திரைக்கு ஒரு பீடி என்பது எங்கள் சட்டம். தொண்டூர்க்காரர் ஒருவர் பீடி பிடிக்கத் தெரியாமல் வந்து சேர்ந்தார். குடியை விட்டுவிட்டு, பீடியைக் கற்றுக்கொண்டு போனார். அவரை நாங்கள் வெற்றிகளில் சேர்த்திருந்தோம்.

இரண்டாவது சட்டம் சுவரிலேயே பெயிண்டில் எழுதியிருந்தது: ‘வாந்தி எடுப்பவர் வெளியேற்றப்படுவார்.’ மாத்திரை போட்டவன் வாந்தி எடுத்தால் திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறான் என்று பொருள். விசாரணை கிடையாது. ஒருமுறை சாம்பார் கெட்டுப்போய் நான்கு பேர் வெளியேறினார்கள்.

மாஸ்டரை மூன்றாம் முறை சேர்த்துக்கொள்ள மேஜர் ஒப்புக்கொண்டார். அவர் மனைவிதான் வந்து கேட்டார். கேட்டதோடு ஒன்றும் சொல்லிவிட்டுப் போனார்: “இதான் கடேசி, சார். அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு வருவேன். நல்லா இருந்தா மிஷின் வீட்டுக்கு வரும். இல்லன்னா அத்த வித்துட்டு நான் எங்க அண்ணன் வூட்டோடயே கெடக்கறேன்.” பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். யூனிஃபார்ம் துணியெல்லாம் மற்ற டெய்லர்களிடம் போய்க்கொண்டிருந்தது.

நான் மேஜரிடம் என் யோசனையைச் சொன்னேன். பீடியையும் சேர்த்து நிறுத்தினால்தான் சாராயம் நிற்கும் என்றேன்.

“நான்சென்ஸ்” என்றார் மேஜர், புகைக்கு நடுவிலிருந்து. “ஒரே நேரத்துல ரெண்டு போர்முனை திறக்கக் கூடாது. சாராயத்தையும் புடுங்கி பீடியையும் புடுங்கினா மனுசன் எதப் புடிச்சிக்கினு நிப்பான்?” தான் பிடித்துக்கொண்டிருந்ததைச் சாம்பல் கிண்ணத்தில் தட்டினார்.

“அதுக்குத்தான் சார் மருந்து.”

“எங்க இருக்குது?”

அது பாண்டிச்சேரியில் இருந்தது. என் கல்லூரிச் சிநேகிதனின் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருப்பவர். லீவில் வந்திருந்தார். சிகரெட்டை விடுவதற்காக அங்கே டாக்டர் எழுதிக்கொடுத்த சூயிங்கம் ஒரு பெட்டி அவரிடம் இருந்தது. புகையிலையில் இருக்கிற நிகோடினை மட்டும் மிட்டாயில் வைத்திருக்கிறார்கள். புகை இல்லாமலே உடம்புக்கு அது கொஞ்சம் கிடைக்கும், ஏக்கம் அடங்கும். நான் போய்க் கேட்டபோது அவர் பெருந்தன்மையுடன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, நிம்மதியாக ஒரு சிகரெட் பற்றவைத்தார். உள்ளேயிருந்த பிரெஞ்சுத் தாளைச் சிநேகிதன் எனக்குத் தமிழில் சொன்னான்: அவசரப்படாமல் மெதுவாக மெல்ல வேண்டும். சுருக்கென்று காரம் தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். எச்சிலை மடக் மடக்கென்று விழுங்கக் கூடாது.

எங்கள் ஊரில் வெற்றிலை போடுகிற எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்களே எங்கள் பக்கம் வந்து பார்த்துவிட்டுத்தான் செய்திருப்பார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டில் பெட்டியைப் பார்த்த நைனா கேட்டார்: “இன்னாடா, முயலு முடிஞ்சு இப்ப ரப்பர் மிட்டாயா?”

மேஜர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிநாட்டுப் பெட்டி என்பதால் கொஞ்சம் மரியாதை வந்தது. “மிட்டாய்தானே, குடுத்துப் பாரு” என்றார். மாஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் முன்வந்தார்கள். மூவருக்கும் காலைப் பீடி நிறுத்தப்பட்டது. அதற்குப் பதில் சூயிங்கம். கம்பவுண்டரிடம் பெட்டியை ஒப்படைத்து, மெல்ல வேண்டிய விதத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொள்வது அவருக்கு வழக்கம்.

சனிக்கிழமை காலை, அவர் மருந்து கொடுக்கும் நேரத்தில் நான் கூடத்தின் மறுகோடியில் கரும்பலகை முழுவதும் நுரையீரல் வரைந்துகொண்டிருந்தேன். வலது நுரையீரல் பிரமாதமாக வந்திருந்தது. அதனால் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்ததைப் பிற்பாடு மாஸ்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

மாஸ்டர் மாத்திரையை விழுங்கினார். சூயிங்கம்மை மென்றார். காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கினார். கம்பவுண்டரின் கண் கன்னத்துக்குப் போனது.

“இன்னாயா அது கன்னத்துல?”

“மருந்துண்ணா. தம்பி அப்டித்தான் அடக்கி வெக்கச் சொல்லிச்சு.”

“எங்கிட்டயேவா? கன்னத்துல அடக்கறவன் எத்தன பேர நான் பாத்திருப்பேன்! மெல்லு. நல்லா மெல்லு. வாயி காலியாவணும்.”

“மெதுவா மெல்லணுமாம்ணா…”

“மெதுவா மென்னா மாத்திர பல்லு சந்துல பூந்துக்கும். ம், வேகமா!”

அந்த இல்லத்தின் ஒரே ஒழுக்கம் கன்னத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்பது. நான் கொண்டுவந்த மருந்தின் ஒரே நிபந்தனை அது கன்னத்தில் இருக்க வேண்டும் என்பது. இரண்டையும் ஒரே கையில் கொடுத்துவிட்டு நான் நுரையீரல் வரைந்துகொண்டிருந்தேன். அதோடு, பகல் முழுவதற்கும் பிரித்துத் தர வேண்டியதைக் கம்பவுண்டர் ஒரே தடவையாகக் கொடுத்துவிட்டார். மத்தியானம் மறுபடி வாயைத் திறக்கச் சொல்லும் வேலை மிச்சம்.

முதலில் விக்கல் கேட்டது. ஒருவர் விக்கினார், மற்றவர் விக்கினார், பிறகு மூன்று பேரும் பஜனை மாதிரி சேர்ந்து விக்கினார்கள். வியர்த்தது. நெஞ்சு படபடத்தது. மாஸ்டர் வேப்பமரத்தடிக்கு ஓடினார். அவர் பின்னாலேயே மற்ற இரண்டு பேரும்.

கம்பவுண்டர் சுவரைப் பார்த்தார். சுவரில் சட்டம் இருந்தது.

“மூணு பேரும் குடிச்சிருக்கானுங்க” என்று தீர்ப்புச் சொன்னார். “பீடிய நிறுத்துன மொத நாளே! பீடி இருந்த வரைக்கும் ஒழுங்கா இருந்தானுங்க.”

நான் ஓடிவந்து நிகோடின், எச்சில், வயிறு என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். “படிச்ச புள்ள, நீ படம் போடு” என்றார் அவர். மேஜர் விழுப்புரம் போயிருந்தார். அவர் வந்தபின் மறுநாள் மூவரையும் அனுப்புவது என்று முடிவாயிற்று. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாஸ்டரின் மனைவி வரும் நாள்.

“குடிச்சி மாட்டியிருந்தாக்கூட மனசு ஆறும் தம்பி” என்றார் மாஸ்டர், விக்கலுக்கு நடுவில். “மிட்டாய் தின்னு பொண்டாட்டிய வுட்டவன்னு ஊர்ல ஒருத்தன் இருப்பானா?”

அவர் மனைவி மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்தார். இடுப்பில் கோணிப்பை. அதற்குள் மிஷின் தலை. அதை வேப்பமரத்தடியில் மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, முக்காட்டைத் தோளில் தள்ளிக்கொண்டு நின்றார். மேஜர் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார், சிகரெட்டுடன். கம்பவுண்டர் குற்றச்சாட்டைச் சொன்னார். விக்கல், வியர்வை, படபடப்பு, வாந்தி. ஒன்றுகூட விடவில்லை.

மாஸ்டரின் மனைவி கணவனைப் பார்த்தார். “யோவ், நெசமா?”

“சத்தியமா இல்லம்மா.”

“சத்தியம் நீ எப்பத்தான் பண்ணல?” என்றவர் குனிந்து கோணியின் வாயை மறுபடி கட்டத் தொடங்கினார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. பெட்டியிலிருந்து மூன்று சூயிங்கம்மை எடுத்து வாயில் போட்டேன். “நான் மாத்திரை போட்டதில்ல. பீடி குடிச்சதில்ல. சாராயம் தொட்டதில்ல. இப்ப பாருங்க” என்று சொல்லிவிட்டு, கரும்பாலை கரும்பை அரைப்பதுபோல மென்றேன். மிளகுத்தூளில் புகையிலைத் தண்ணீரைக் கலந்து குடித்த மாதிரி தொண்டை எரிந்தது. எரிய எரிய விழுங்கினேன்.

விஞ்ஞானம் என்னைக் கைவிடவில்லை. விக்கல் வந்தது. செஞ்சிக் கோட்டை மலை ஒன்று இரண்டாகத் தெரிந்தது. சட்டை நனைந்தது. வேப்பமரத்தடி வரைதான் போக முடிந்தது. மிஷின் தலைக்கு ஒரு முழம் தள்ளி வாந்தி எடுத்தேன்.

“பாத்தீங்களா மேஜர்!” என்று கம்பவுண்டர் துள்ளினார். “இவனும் குடிச்சிருக்கான்!”

மேஜர் எழுந்து வந்து என் வாயை முகர்ந்து பார்த்தார். நாடி பிடித்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். சுற்றி நின்ற நோயாளிகள், குடியில் அனுபவசாலிகள், ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள்.

“இது குடிச்ச வாந்தி இல்ல சார். இது பச்சப் புள்ள வாந்தி.”

“தம்பி மூஞ்சியப் பாரு. பிராந்திக் கடைல இவனுக்கு கலரு சோடாதான் குடுப்பானுங்க.”

மாஸ்டரின் மனைவி கோணியைக் கட்டுவதை நிறுத்தியிருந்தார். என்னைப் பார்த்தார், கணவனைப் பார்த்தார். மாஸ்டருக்கு முந்தின நாள் விக்கல் இன்னும் விட்டபாடில்லை; எங்கள் இருவர் விக்கலும் ஒரே தாளத்தில் இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் எந்தப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழையும்விட அந்தச் சிரிப்பு எனக்குப் பெரிதாக இருந்தது.

மேஜர் சுலபத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. “எங்கிட்ட குடு ஒண்ணு” என்றார். நான் சொன்னபடியே மெதுவாக மென்றார். காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கினார். கம்பவுண்டரின் கண் அந்தக் கன்னத்தின் மேல் போய் நின்றது. ‘வாயத் தொற’ என்ற சொல் அவர் தொண்டைவரை வந்து திரும்பிப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மேஜரிடம் அதைச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை.

மேஜர் கன்னம் உப்பப் பட்டாளக் கதைகள் சொன்னார். கதைகள் நீண்டன. விக்கல் வரவில்லை, வியர்க்கவில்லை. அவர் விரலிடுக்கில் இருந்த சிகரெட் தானே எரிந்து, சாம்பலாக வளைந்து, அவர் வேட்டியில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. அடுத்ததைப் பற்றவைக்கவும் இல்லை. நான் அந்த இல்லத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் முகத்தை முழுதாகப் பார்த்தது அன்றுதான்.

கடைசியில் தீர்ப்புச் சொன்னார். மூவரும் குடிக்கவில்லை. மருந்தில் விஷயம் இருக்கிறது. ஆனால் மேலும் ஆராய்ச்சி தேவை. ஆகவே பெட்டியை அவரே வைத்துக்கொள்வார்.

“யாருக்கு சார் ஆராய்ச்சி?” என்றேன்.

“எனக்குத்தான்” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

மாஸ்டரின் மனைவி முன்னால் வந்தார். “சார், வாந்தியெடுத்தது எங்க வூட்டு ஆளு. மருந்து ஒங்களுக்கா? பாதி இப்டி குடுங்க.” போர்முனைகளைப் பற்றி அவ்வளவு தெரிந்த மேஜர், அட்டையைப் பிட்டு அவர் கையில் வைத்தார்.

அதை அவர் முந்தானையில் முடிந்துகொண்டு கணவனிடம் சொன்னார்: “இன்னிக்கி ஒன்ன கூட்டிட்டுப் போவல. மிஷின எடுத்துக்கினு நான் கடைக்கிப் போறேன். நாளைக்கி காலைல நீயா நடந்து வா. கடத்தெரு வழியா, அந்தக் கயித்துப் பக்கமாத்தான் வரணும். வந்து சேந்தீன்னா தலைய மாட்டி ஸ்க்ரூ முடுக்கறேன். வரலன்னா மத்தியான பஸ்ஸு இருக்குது.” பிறகு முடிச்சை அவிழ்த்து, ஒரே ஒரு சூயிங்கம்மை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டார். என் பக்கம் திரும்பி, “தம்பி, நீ கூட வரக்கூடாது. கையப் புடிச்சி நடத்தறதுக்கு இது இன்னா, கொழந்தையா?” என்றார்.

கோணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். மாஸ்டர் அவர் போகிற திசையையே பார்த்துக்கொண்டு, சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

இதை நான் எழுதுவது அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தொண்டை இன்னும் எரிகிறது. பாண்டிச்சேரிச் சிநேகிதனுக்கு இன்னொரு பெட்டி கேட்டு டிரங்கால் புக் பண்ணியிருக்கிறேன். மாஸ்டரை உட்காரவைத்து, வெற்றுப் பாக்கை வைத்து ஒத்திகையும் பார்த்தாயிற்று. அரிசி மில் முனை திரும்பியதும் சூயிங்கம்மை வாயில் போட வேண்டும். மெதுவாக மென்றுகொண்டே மார்க்கெட்டைத் தாண்ட வேண்டும். காரம் ஏறும்போது கம்பம் கண்ணில் படும். அப்போது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கயிறு எரிகிறதா என்றுகூடப் பார்க்காமல், நேராகத் தலையில்லாத மிஷினை நோக்கி நடக்க வேண்டும்.

“நடந்துருவேன் தம்பி” என்றார் மாஸ்டர். “ஆனா கௌம்பற நேரத்துல கம்பவுண்டரு வாயத் தொறந்து பீடிய இழுக்கச் சொன்னா?”

அதற்குத்தான் நான் இங்கேயே இருக்கிறேன். காலையில் மாஸ்டர் கிளம்பும்போது நான் கம்பவுண்டரைக் கரும்பலகை முன்னால் உட்காரவைத்து, ஊதிய புகை ஏன் நேராகப் போகிறது, ஏன் கோணலாகப் போகிறது என்று விஞ்ஞானபூர்வமாக விளக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன். மாஸ்டர் கடைத்தெருவைத் தாண்டுகிறவரைக்கும் அவர் நிறுத்த மாட்டார்.